கண், சாளரம், விதை: கஞ்சா வளர்ப்பறிவின் இடப்பெயர்ச்சி

முன்னுரை

உழவறிவு நூல்களில் பதிவாவதற்கு நெடுங்காலம் முன்பே உழைப்போர் கையிலும் கண்ணிலும் சொல்லிலும் வாழ்ந்து வந்துள்ளது. ஒரு பயிரின் வரலாற்றை எழுதப் புகுவோர் அப்பயிர் எங்குத் தோன்றியது, எவ்வழியே பரவியது என்னும் வினாக்களோடு அமைந்துவிடுவது வழக்கம். அதனை வளர்க்கும் அறிவு எங்கே தங்கியிருந்தது, எப்போது, எவரிடமிருந்து எவரிடம் சென்றது என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. அவ்வினாவைக் கஞ்சாச் செடியை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கஞ்சா இன்று மேலைநாடுகள் சிலவற்றில் வீட்டறைக்குள் மின்விளக்கொளியில் வளர்க்கப்படும் செடியாக மாறியுள்ளது. கனடாவில் 2018 அக்டோபரிலும் செருமனியில் 2024 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்த சட்டங்கள் வயதுவந்தோர் வீட்டில் சில செடிகள் வளர்க்க இடந்தந்தன. அங்ஙனம் முதன்முதலாக வளர்க்க முற்படுவோர்க்குப் பெரிதும் பரிந்துரைக்கப்படுவது 'ஆட்டோஃபிளவர்' என்னும் வகை. பகற்பொழுதின் நீளம் எவ்வாறிருப்பினும் குறித்த வளர்ச்சியை எட்டியதும் தானே பூப்பது இவ்வகையின் இயல்பு. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் உளவெறியூட்டும் பொருள்கள் சட்டத்தின்படி உரிமமின்றிக் கஞ்சாச் செடி வளர்ப்பது தண்டனைக்குரிய குற்றம். எனவே பயன்பாடு பற்றிய வழக்காடல் இக்கட்டுரையின் எல்லைக்குப் புறம்பானது. ஏதுமறியாத ஒருவரும் வளர்த்துவிடக்கூடிய விதை ஒன்று உருவாவதற்கு முன்னர் அச்செடியைப் பற்றி மாந்தர் எவற்றையெல்லாம் அறிந்திருக்க வேண்டியிருந்தது என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

செடியின் இரு இயல்புகள்

இவ்வரலாற்றைப் புரிந்துகொள்ளக் கஞ்சாச் செடியின் இரண்டு இயல்புகளை அறிதல் வேண்டும். முதலாவது, இது ஈரில்லத் தாவரம். ஆண்பூக்கள் ஒரு செடியிலும் பெண்பூக்கள் வேறொரு செடியிலும் தோன்றும். பிசின் மிகுந்த பூங்கொத்து பெண்செடிக்கு உரியது. ஆண்செடியின் மகரந்தம் பட்டால் பெண்செடி விதை பிடித்துப் பூங்கொத்தின் தரம் குன்றும். நார் வேண்டுவோர்க்கும் விதை வேண்டுவோர்க்கும் இது சிக்கலன்று. பூ வேண்டுவோர்க்கு இதுவே தலையாய சிக்கல்.

இரண்டாவது, இதன் பெரும்பான்மை வகைகள் குறும்பகல் தாவரங்கள். இரவு நீண்டு பகல் குறுகும் பருவம் வரும்வரை அவை இலையும் கிளையுமாக வளர்ந்துகொண்டிருக்கும். அப்பருவம் வந்தபின்னரே பூக்கும். ஆகவே பூவுக்காகக் கஞ்சா பயிரிடுவோர் இரண்டை அறிந்திருத்தல் வேண்டும். எச்செடி ஆண், எச்செடி பெண் என்பது ஒன்று. எப்போது விதைத்தால் எப்போது பூக்கும் என்பது மற்றொன்று. பால் பற்றிய அறிவும் பருவம் பற்றிய அறிவும் என இவற்றைச் சுருக்கிக் கூறலாம்.

நவ்காவின் கண்

இவ்விரு அறிவும் நூலின் துணையின்றி முழுமை பெற்றிருந்த இடங்களுள் ஒன்று வங்காளத்தின் நவ்காவ் பகுதி. இன்று அது வங்கதேசத்தில் உள்ளது. இங்கிலாந்தின் பொதுமக்கள் அவையில் 1893இல் எழுந்த வினாவைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட இந்தியக் கஞ்சா ஆணையம், மேக்வொர்த் யங் தலைமையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை உசாவி 1894இல் தன் அறிக்கையை அளித்தது. முற்றத் தடை செய்வதினும் கட்டுப்படுத்துவதே தக்கது என்பது அதன் பரிந்துரை. அப்பரிந்துரைக்காகவே அவ்வறிக்கை இன்று மிகுதியும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால் உழவு வரலாற்றாளர்க்கு அவ்வறிக்கையின் பயன் வேறோரிடத்தில் உள்ளது. பயிர்த்தொழில் பற்றிய அதன் பகுதிகள், எழுதப்படாத ஒரு தொழிலறிவை எழுத்தில் பிடித்து வைத்துள்ளன. சென்னை மாகாணத்தில் வடஆர்க்காட்டுச் சவ்வாது மலையில் இப்பயிர் வளர்க்கப்பட்டதும் அதில் இடம்பெற்றுள்ளது.

நவ்காவ் உழவர்கள் ஆகஸ்டில் நாற்றங்காலில் விதைத்தனர். செப்டம்பரில் பறித்து நட்டனர். நவம்பரில் ஆண்செடிகளைக் களைந்தனர். பிப்ரவரி அளவில் அறுத்தனர். இக்கால அட்டவணையைத் தாவரவியல் நோக்கில் பார்த்தால் அதன் செம்மை விளங்கும். நடவு நிகழ்வது பகலும் இரவும் ஏறத்தாழ ஒத்திருக்கும் காலத்தில். அதன்பின் ஒவ்வொரு நாளும் இரவு நீள்கிறது. வேரூன்றித் தழைக்கப் போதிய நாள்களும், பின்பு பூப்பதற்கு வேண்டிய நீண்ட இரவுகளும் செடிக்கு முறையே கிடைக்கின்றன. இரவின் நீளமே பூவை அழைக்கிறது என்று அவ்வுழவர் எவரும் சொல்லியிருக்கத் தேவையில்லை. அவர்தம் நாள்காட்டி அதனை அறிந்திருந்தது.

பால் பற்றிய அறிவு அங்குத் தனித் தொழிலாகவே இருந்தது. ஆண்செடிகளை இனங்கண்டு களைவதற்கென்று ஒருவரை உழவர்கள் கூலிக்கு அமர்த்தினர். அவர் பரக்தார் என்றும் பொத்தார் என்றும் வழங்கப்பட்டார். ஆங்கில அதிகாரிகள் அவரைக் 'கஞ்சா மருத்துவர்' என்றனர். வயலில் நடந்து செல்கையிலேயே, ஆண்பூ விரிவதற்கு முன்பே, அச்செடியை அவர் கண்டறிவார். ஓரிரு செடிகள் தப்பினும் காற்றில் பரவும் மகரந்தம் வயலைக் கெடுத்துவிடும் என்பதால் அவர் பார்வையின் கூர்மையிலேயே ஓராண்டு விளைச்சல் தங்கியிருந்தது.

இப்பெயர்கள் மொழி ஆய்வாளர்க்கு ஆர்வமூட்டுவன. 'பரக்' என்பது 'பரீக்ஷா' என்னும் வடசொல்லின் வழிவந்தது. நம் வழக்கிலுள்ள பரீட்சை என்பதன் உறவினம். 'பொத்தார்' என்பது நாணயத்தின் தரம் தேர்வோரைக் குறித்த சொல். சங்கப் புலவர் சிலரின் பெயரில் அடையாக வரும் 'வண்ணக்கன்' என்னும் சொல்லின் பொருளும் அதுவே. பொன்னையும் வெள்ளியையும் தேர்பவரின் பெயர் செடியைத் தேர்பவர்க்கு ஏற்றப்பட்டமை, அக்கண்ணுக்கு அவ்வூரார் அளித்த மதிப்பைக் காட்டுகிறது எனலாம். வண்ணக்கன் கல்லில் உரைத்துப் பார்க்கலாம். பரக்தாருக்கு உரைகல் இல்லை.

சாளரத்தோரத் தொட்டி

இதே அறிவை ஐரோப்பா வேறு வழியில், வேறு தேவைக்காகப் பெற்றது. அங்குக் கஞ்சா நாருக்கும் விதைக்கும் உரிய பயிர். இருவகைச் செடி உண்டென்று உழவர்கள் நன்கறிவர். ஆயினும் எது ஆண், எது பெண் என்பதில் அவர்தம் பெயரீடு தாவரவியலுக்கு நேர்மாறாக அமைந்திருந்தது. செருமன் மொழியில் மகரந்தம் தரும் செடியின் பெயர் பெண் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்தும், விதை தரும் செடியின் பெயர் ஆண் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்தும் பிறந்தன. ஆங்கில உழவர் வழக்கும் இவ்வாறே விதைச் செடியை ஆண் என்றது. மெலிந்து உயர்ந்து முன்னதாக வாடுவது பெண் என்றும், தடித்து நிலைத்து நிற்பது ஆண் என்றும் தோற்றத்தை நோக்கி அவர்கள் பெயரிட்டிருக்க வேண்டும். தொழில் பிழைபடவில்லை, பெயர்தான் மாறி நின்றது. செடியை அறிந்திருத்தலும் செடியின் பாலை அறிந்திருத்தலும் ஒன்றல்ல என்பதற்கு இது நல்ல சான்று.

தாவரங்களுக்குப் பால் உண்டென்பதைச் சோதனையால் நிறுவ முயன்றவர் டூபிங்கன் நகரப் பேராசிரியர் ருடால்ஃப் யாகோப் கமராரியஸ். அவர் 1694இல் வெளியிட்ட மடல் தாவரப் பால் ஆய்வின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அவர் சோதித்த செடிகளுள் கஞ்சாவும் ஒன்று. தொட்டியில் விதைத்து மூடிய இடத்தில் வளர்த்து, ஆண்செடிகளை மலர்வதற்கு முன் நீக்கிய பின்னரும், எஞ்சிய பெண்செடிகளில் முளைக்கத்தக்க விதைகள் சில உண்டாயின. தம் கொள்கைக்கு முரணான இம்முடிவை அவர் மறைக்கவில்லை. பெண்செடியில் அரிதாக ஆண்பூவும் தோன்றலாம் என்று இன்று அறிவோம். அவருக்கு அது விடுகதையாகவே நின்றது.

ஏறத்தாழ இரண்டு தலைமுறைக்குப் பின் கார்ல் லின்னேயஸ் அச்சோதனையை மீண்டும் செய்தார். தாவரப் பால் பற்றிய சிறந்த கட்டுரைக்கு இரசியப் பேரரசின் பீட்டர்ஸ்பர்க் அறிவியற் கழகம் அறிவித்த பரிசை 1760இல் பெற்ற அவர் நூலில் இச்சோதனை விளக்கப்பட்டுள்ளது. ஏப்ரல் மாதத்தில் இரண்டு தொட்டிகளில் கஞ்சா விதைத்தார். ஒவ்வொன்றிலும் முப்பது நாற்பது செடிகள் முளைத்தன. தொட்டிகளை ஒன்றற்கொன்று தொலைவான இரு அறைகளில் சாளர வெளிச்சத்தில் வைத்தார். ஒன்றில் இருபாற் செடிகளையும் விட்டுவைத்தார். அவை காய்த்து விதை தந்தன. மற்றொன்றில் ஆண்செடிகளை இனங்காணும்போதே களைந்தார். அங்கு நின்ற பெண்செடிகளின் சூல்தண்டுகள் வழக்கத்தினும் நீண்டு நெடுநாள் வாடாதிருந்து, இறுதியில் விதையின்றி உலர்ந்தன.

நவ்காவ் பரக்தாரும் உப்சாலா பேராசிரியரும் செய்த செயல் ஒன்றே. இருவரும் ஆண்செடியைக் களைந்தனர். இருவருக்கும் விதையில்லாப் பெண்செடி கிடைத்தது. பரக்தாருக்கு அது விளைபொருள். லின்னேயஸுக்கு அது சான்று. முன்னது சந்தைக்குச் சென்றது. பின்னது நூலுக்குள் சென்றது. பரக்தாரின் பெயரை எவரும் குறித்து வைக்கவில்லை.

ஆண்பனையும் ஓர் எச்சரிக்கையும்

இவ்விடத்தில் தமிழ் ஆய்வாளர் மனத்தில் ஓர் ஒப்பீடு எழுவது இயல்பு. நம் பனையும் ஈரில்லத் தாவரமே. காய்ப்பதைப் பெண்பனை என்றும் காய்க்காததை ஆண்பனை என்றும் தமிழர் சரியாகவே பெயரிட்டனர். திருவோத்தூரில் அடியவர் ஒருவர் வளர்த்த பனைகள் யாவும் ஆண்பனையாய் நிற்க, திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய அளவில் அவை குரும்பை ஈன்றன என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. கஞ்சாவில் பால் மாறுவதை 1920களில் அமெரிக்கத் தாவரவியலாளர் ஜான் ஷாஃப்னர் விரிவாக ஆராய்ந்தார் என்பதை இதனுடன் இணைத்து, 'பால்மாற்றத்தை நம் முன்னோர் அன்றே அறிந்தனர்' என்று முடிவு கட்டிவிடும் ஆசை எழலாம்.

அம்முடிவு பொருந்தாது. அச்செய்தி அற்புதமாகப் போற்றப்படுவதற்குக் காரணமே ஆண்பனை காய்க்காது என்று கேட்போர் யாவரும் உறுதியாக அறிந்திருந்தமைதான். பால்மாற்றம் இயல்பாக நிகழும் என்று அவர்கள் அறிந்திருப்பின் அதில் வியப்பு எழாது. எனவே இச்செய்தி உணர்த்தும் அறிவு, பனை இருபாலது, அப்பால் மாறாதது என்பதேயாகும். அதுவே சிறிதன்று. மரத்தின் பால் பற்றிய தெளிவு எளிய மக்களிடமும் இருந்தது என்பதற்கு அது போதிய சான்று. இருக்கும் அறிவை உள்ளவாறு மதிப்பதே அவ்வறிவுடையோர்க்கு நாம் செய்யும் சிறப்பு. அதன்மீது இன்றைய அறிவியலை ஏற்றினால் அவர்கள் உண்மையில் அறிந்திருந்தது மறைந்துபோகும்.

ஒளியின் கணக்கு

பால் பற்றிய அறிவு நூலில் ஏறியது போலவே பருவம் பற்றிய அறிவும் பின்னர் ஏறியது. அதற்கும் கஞ்சாவே முதற்கருவியாயிற்று. பாரிசு நகரில் ஆய்ந்துவந்த ழூலியன் டூர்னுவா, குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடத்துள் விதைத்த கஞ்சாச் செடிகள் இளமையிலேயே பூத்துவிடுவதைக் கண்டார். வெப்பம், ஈரம், மண்வளம் எனக் காரணங்கள் பலவற்றை ஆராய்ந்து, செடி பெறும் ஒளிக்காலத்தின் குறுக்கமே காரணம் என்னும் முடிவுக்கு 1912க்கும் 1914க்கும் இடையில் வந்தார். முதல் உலகப்போர் மூண்ட 1914ஆம் ஆண்டிலேயே அவர் போரில் உயிரிழந்தார். அவர் ஆய்வு அவரோடு நின்றது.

பின்னர் 1920இல் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கார்னரும் அல்லார்டும் புகையிலை, சோயா ஆகிய பயிர்களைக் கொண்டு இவ்வுண்மையை விரிவாக நிறுவி, ஒளிக்காலத்துவம் என்று இன்று நாம் வழங்கும் கருத்துக்குப் பெயரும் தந்தனர். பாடநூல்கள் அவர்களையே முதன்மையாகக் கூறுகின்றன. டூர்னுவாவின் பெயர் அருகியே இடம்பெறுகிறது. பெயர் பெறுவதில் தற்செயலுக்கும் பங்குண்டு என்பதற்கு இவரும் ஒரு சான்று.

ஒளியின் கணக்கை மனிதன் அறிந்ததும் பருவம் அவன் கைக்குள் வந்தது. அறையை இருட்டாக்கி விளக்கை மணிக்கணக்கில் ஏற்றி அணைத்தால் எம்மாதத்திலும் செடியைப் பூக்கச் செய்யலாம். நவ்காவ் உழவனின் நாள்காட்டி செய்த வேலையை மின்விளக்கின் விசை செய்யத் தொடங்கியது. ஆயினும் அவ்விசையை இயக்குபவருக்கு ஒளிக்காலம் பற்றிய அறிவு அப்போதும் தேவைப்பட்டது.

குப்பைமேட்டுச் செடி

அத்தேவையையும் நீக்கியது பயனற்றதெனக் கருதப்பட்ட ஒரு களைச்செடி. இரசியாவின் தென்கிழக்குப் பகுதிகளில் வயலோரத்திலும் இடிபாட்டு நிலத்திலும் தானே முளைக்கும் குட்டையான கஞ்சாவை, வோல்கா ஆற்றங்கரைச் சரத்தோவ் நகரிலிருந்து யானிசெவ்ஸ்கி 1924இல் தனி இனமாக விளக்கிக் 'கன்னாபிஸ் ருடராலிஸ்' என்று பெயரிட்டார். இலத்தீனில் 'ருடுஸ்' என்பது இடிபாட்டுக் குவியல். குப்பைமேட்டுக் கஞ்சா என்று நாம் தமிழாக்கலாம். அது தனி இனமா, ஓரினத்தின் காட்டுவகையா என்பதில் தாவரவியலாரிடையே இன்றளவும் கருத்து வேறுபாடு உண்டு.

வடபுலத்தில் கோடைப் பகல் மிக நீண்டது. கோடைக்காலமோ மிகக் குறுகியது. நீண்ட இரவு வரட்டும் என்று காத்திருக்கும் செடி விதை முற்றுமுன் உறைபனிக்கு இரையாகும். காத்திராமல் பூப்பதே அந்நிலத்தில் பிழைக்கும் வழி. இவ்வாறு ஒளியளவைப் பொருட்படுத்தாது பூக்கும் பண்பைப் பகல் நடுநிலை என்பர். இப்பண்புடைய வடபுல வகைகளைப் பிற வகைகளோடு கலந்து பெற்றவையே இன்றைய ஆட்டோஃபிளவர் வகைகள். 2000களின் தொடக்கத்தில் 'லோரைடர்' என்னும் பெயரில் வெளிவந்த வகை அவற்றுள் முதலில் பரவலாக அறியப்பட்டது. விதைத்த இரண்டு மூன்று மாதங்களில் இவை முதிர்ந்துவிடும். நவ்காவில் நாற்றங்கால் தொடங்கி அறுவடை வரை ஏறத்தாழ ஆறு மாதம் ஆயிற்று என்பதை ஒப்புநோக்கலாம்.

பால் பற்றிய அறிவும் இவ்வாறே விதைக்குள் புகுந்தது. அவ்வரலாற்றில் நம் நாட்டுக்கு நேரடித் தொடர்பு உண்டு. தில்லிப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் எச்.ஒய். மோகன்ராம், சேட் என்பாருடன் இணைந்து 1982இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளிச் சேர்மங்களின் துணையால் பெண்செடியிலேயே வளமான ஆண்பூக்களைத் தோற்றுவிக்க முடியும் என்று காட்டினார். அம்மகரந்தத்தால் பெறும் விதையில் ஆண்மரபுக்கு இடமில்லை, முளைப்பவை பெண்செடிகளே. இன்று விற்கப்படும் பெண்விதைகளின் அறிவியல் அடிப்படைகளுள் இவ்வாய்வும் ஒன்று. மூன்றாண்டுகள் கழித்து 1985இல் இந்தியச் சட்டம் இச்செடியின் வளர்ப்பை முடக்கியது. கமராரியஸைக் குழப்பிய விடுகதை, பெண்செடியில் தோன்றும் ஆண்பூ, இவ்வாறு தொழில்நுட்பமாக முதிர்ந்தது.

அறிவு குடிபெயர்ந்த வீடு

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால் ஒரு பாதை புலப்படும். பால், பருவம் ஆகிய இரண்டையும் அறிந்திருந்தது முதலில் உழவனின் கண்ணும் நாள்காட்டியும். பின்னர்ச் சாளரத்தோரத் தொட்டியிலும் கண்ணாடிக் கூடத்திலும் அவை சோதிக்கப்பட்டுக் கொள்கையாயின. இறுதியில் அவ்விரண்டும் விதைக்குள்ளேயே வைத்து முத்திரையிடப்பட்டன. இன்று முதன்முறை வளர்ப்பவர் பெண்விதையை வாங்குகையில் பரக்தாரின் கண்ணை வாங்குகிறார். தானே பூக்கும் விதையை வாங்குகையில் நவ்காவ் நாள்காட்டியை வாங்குகிறார். இரண்டையும் அவர் கற்கவேண்டியதில்லை.

இதில் பேறும் உண்டு, இழப்பும் உண்டு. எளியோர்க்கும் எட்டுவது பேறு. கண் தன் கூர்மையை இழப்பதும், அக்கண்ணோடு வாழ்ந்த சொற்கள் அழிவதும் இழப்பு. நவ்காவில் 1917இல் தோன்றிய கஞ்சா உழவர் கூட்டுறவுச் சங்கம் பல பத்தாண்டுகள் அத்தொழிலை ஒழுங்குபடுத்தியது. வங்கதேசம் 1980களின் இறுதியில் பயிரிடுதலை நிறுத்தியபோது பரக்தாரின் தொழிலும் முடிந்தது. அவருடைய சொற்களில் ஒருசிலவே நமக்கு எஞ்சியுள்ளன. அவையும் ஆணையம் ஒன்று வரியையும் ஒழுக்கத்தையும் பற்றிக் கவலையுற்று உசாவியதால், ஆங்கில எழுத்தில் எஞ்சியவை.

நம்மிடையேயும் இந்நிலை உண்டு. கஞ்சாவுக்குச் சித்த மருத்துவ வழக்கில் கோரக்கர் மூலி, சிவமூலி என்னும் பெயர்கள் உள்ளன. அவை மருந்தாக்குவோர் இட்ட பெயர்கள். சவ்வாது மலையில் அதனை வளர்த்தோர் ஆண்செடியை எவ்வாறு அழைத்தனர், களைதலுக்கு என்ன சொல் வழங்கினர் என்பன நம் அகராதிகளில் இல்லை. அகராதி தொகுத்தோர் ஏட்டை நாடினர், வயலை நாடவில்லை.

முடிவுரை

கஞ்சா வளர்ப்பறிவு மூன்று இடங்களில் தங்கியது என்பதும், ஒவ்வொரு முறை இடம்பெயர்ந்தபோதும் முன்னிருந்த இடத்தின் சொற்கள் கைவிடப்பட்டன என்பதும் இக்கட்டுரையால் பெறப்படும் முடிவுகள். செயலும் பெயரும் வேறுபடலாம் என்பதை ஐரோப்பிய உழவர் வழக்கும், பழைய அறிவை அதன் அளவறிந்து மதிக்க வேண்டும் என்பதை ஆண்பனைச் செய்தியும் உணர்த்துகின்றன.

கஞ்சாவைப் பொறுத்தவரை காலம் கடந்துவிட்டது. பனையைப் பொறுத்தவரை இன்னும் கடக்கவில்லை. பாளை விரியும்வரை, பன்னிரண்டு பதினைந்து ஆண்டுகள், பனையின் பாலை அறிய இயலாது என்பர் தாவரவியலார். பனையேறிகளுட் சிலர் அதற்கு முன்பே சொல்லிவிடுவதாகக் கூறுவதுண்டு. அது மெய்யோ அன்றோ, அவர்கள் எதைப் பார்த்துச் சொல்கின்றனர், அதற்கு என்ன சொல் வழங்குகின்றனர் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியது தமிழ்த்துறைகளின் கடமை. கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே அது நிகழ வேண்டும்.